காரைக் களிமண்ணும் கடலின் ஆழமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்துக் கீறிப்போட்ட களிமண் மேடுகள் கிடக்கின்றன. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மண் அது. அழிந்துபோன கடலுயிரிகளின் புதைபடிவங்களான தோட்டா வடிவப் பெலம்னைட்டும் சுருள் ஓட்டு அம்மோனைட்டும் அங்கே கையில் அகப்படும். அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை போதும். அந்தக் கடல் எவ்வளவு ஆழம் என்று அறிய ஃபொராமினிஃபெரா வேண்டும். ஒற்றைச் செல் உயிரி. அதன் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

மேல்மண்ணை எடுக்காதீர்கள். மேட்டிலிருந்து வழிந்துவந்த இளைய அடுக்கின் ஓடுகள் அதில் கலந்திருக்கும். ஒரு முழம் உள்ளே வெட்டிப் புதுக் களிமண் 200 கிராம் எடுங்கள். அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் போகும் ஜிப்சம் நரம்புகளைப் பார்த்து, கடல் வற்றிய உப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குறுக்கே வெட்டுகிறது என்றாலே மண் படிந்த பிறகு வந்தது என்றுதான் பொருள்.

பாதியை, அதாவது 100 கிராமை, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, 50 டிகிரி சூட்டில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஆறியதும் மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் கட்டி பொலபொலவென உதிரும். உதிரவில்லையா? மண்ணில் ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது, எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. மறுபடி உலர்த்துவதுதான் வழி. மண்ணெண்ணெய் இருக்கும் இடத்தில் அடுப்பு எரியக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு இதைவிடச் சுலபம் என்று பலர் அதையே நாடுகிறார்கள். கருஞ்சாம்பல் களிமண்ணில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அத்தகைய மண்ணில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருக்க வாய்ப்பு அதிகம். பெராக்சைடு பட்டால் அது கந்தக அமிலமாக மாறி, நாம் தேடும் சுண்ணாம்பு ஓட்டையே தின்றுவிடும்.

உதிர்ந்த சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். விரலால் தேய்த்தால் ஓடு நொறுங்கும். அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் முக்கி எடுங்கள். கண்ணியில் ஒட்டிய பழைய ஓடு நீலமாகிவிடும். பிறகு அது புது மாதிரியில் வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உலர்ந்த வண்டலை, ஒரு பங்கில் சுமார் 300 ஓடுகள் இருக்கும் அளவுக்குச் சமபங்காகப் பிரித்து, அந்தப் பங்கின் ஓடுகளை ஈரத் தூரிகை நுனியால் எடுக்க வேண்டும். அழகானதை மட்டும் பொறுக்கினால் கணக்கு கெட்டது. அந்தப் பங்கில் இருப்பதெல்லாம் வர வேண்டும்.

இனி எண்ணிக்கை. நீரில் மிதந்து வாழ்ந்தவை எத்தனை, அடித்தரையில் வாழ்ந்தவை எத்தனை? கரையை விட்டு ஆழத்துக்குப் போகப் போக மிதப்பவற்றின் பங்கு கூடும். இன்றைய கடல்களை வைத்து வகுத்த ஒரு சூத்திரப்படி, மிதப்பவை அறவே இல்லையென்றால் ஆழம் 36 மீட்டர், சரிபாதி என்றால் சுமார் 210 மீட்டர், முழுக்க அவையே என்றால் 1,200 மீட்டருக்கும் மேல். சேற்றுக்குள் புதைந்து வாழும் வகைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றின் எண்ணிக்கை ஆழத்தைவிட, சேற்றில் உள்ள இரையையும் ஆக்சிஜனையும் பொறுத்தது. காரை மண் படிந்த கிரெட்டேசியக் காலக் கடலுக்கு இந்த மீட்டர்களை அப்படியே பொருத்த முடியாது. எந்த அடுக்கு ஆழம், எந்த அடுக்கு ஆழங்குறைவு என்று ஒப்பிடத்தான் அவை உதவும்.

பெரிய வில்லங்கம் ஓடுகள் கரைந்துபோவது. மிதப்பவற்றின் ஓடு பொதுவாக மெல்லியது, முதலில் கரைவது அதுதான். ஆழ்கடல் மண்கூட அப்போது கரையோரம் போல வேடம் போடும். மிஞ்சிய ஓடுகளின் விளிம்பு அரித்திருக்கிறதா, எளிதில் கரையாத, மணல்துகளை ஒட்டிக் கட்டிய ஓடுகள் மட்டும் அளவுக்கு மீறி நிற்கின்றனவா என்று பாருங்கள். மிதப்பவை ஒன்றுகூட வராத மாதிரிக்குக் 'கரையோரம்' என்று எழுதுமுன், எடுத்துவைத்த மீதி 100 கிராமைப் பெராக்சைடு படாமல் கழுவி, இன்னொரு முறை எண்ணுங்கள்.

நன்றி, வணக்கம்.