குட்டிக்கும் பூச்சி மருந்து

நேயர்களுக்கு வணக்கம். நாயால் மனிதருக்கு வரும் நோய் என்றதும் பினாங்கில் இருப்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது, தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள், ஊரே பயந்து கிடந்தது. அது வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசி உண்டு. நான் இன்று பேச வந்தது, நாம் பூச்சி என்று சொல்கிற குடல்புழுக்களைப் பற்றி. செபராங் பிறையில் கால்நடை மருத்துவராக இருந்த காலம் முழுக்க, வருகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுக்கிற அன்றைக்கே நாய்க்கும் கொடுங்கள்.

நம் வீடுகளில் பள்ளி விடுமுறை வந்தால் பூச்சி மருந்து. அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய், இப்போது ஃபார்மசியில் வாங்கும் மாத்திரை. அண்ணன், தங்கை, சில வீடுகளில் தாத்தா பாட்டி வரை வரிசையாக நின்று சாப்பிடுவார்கள். வாசலில் படுத்திருக்கிற நாய்க்கு மட்டும் கிடையாது. அது பின்கட்டு மண்ணில் போய் மலம் கழித்துவிட்டு வரும். பிள்ளைகள் அதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடுவார்கள். அடுத்த விடுமுறைக்குள் பூச்சி மறுபடியும் வந்திருக்கும். மாத்திரையைத்தான் குறை சொல்வோம்.

நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, மூன்று வாரக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கூடவே பேரன். "டாக்டர், ரெண்டு நாளா எழும்பவே மாட்டேங்குது. ஆனா நல்லா பால் குடிச்சதுதான், வயிறு பாருங்க, எப்படி உருண்டையா இருக்கு" என்றார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். குட்டிக்கு உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உருண்டிருந்தால் அது பாலால் வந்த வயிறாக இருக்காது, பெரும்பாலும் புழுவால் வந்ததுதான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம் போல வெளுத்துக் கிடந்தது. கொக்கிப்புழு. குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு அது. சிறு குட்டியின் உடம்பில் இருக்கிற இரத்தமே கொஞ்சம், அதையும் குடித்துவிட்டால் குட்டி என்ன செய்யும்?

அந்த அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "இது இன்னும் மண்ணையே மிதிக்கல டாக்டர், வீட்டுக்குள்ள பெட்டியிலதான் கிடக்கு. எப்படி வரும்?"

தாய்ப்பால் வழியாக வரும். தாய் நாயின் சதைக்குள் இந்தப் புழுவின் குஞ்சுகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும்போது விழித்துக்கொண்டு பாலோடு போய்ச் சேரும். உருண்டைப்புழு என்று இன்னொரு குடல்புழு உண்டு. அது இதற்கும் முந்திக்கொள்ளும், கருவில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், குட்டி பிறக்கும்போதே சுத்தமாகப் பிறப்பதில்லை. இரண்டாவது வாரத்திலேயே மருந்து தொடங்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? "பாவம், சின்னக் குட்டி, வளரட்டும் அப்புறம் பார்க்கலாம்" என்கிறோம்.

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேரன் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே நின்றான். குனிந்து பார்த்தேன். பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு, நெளிந்து நெளிந்து போயிருந்தது. "எறும்பு கடிச்சிருக்கும்னு தேங்காய் எண்ணெய் தடவினேன்" என்றார் பாட்டி. அது எறும்புக்கடி இல்லை. நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் ஊர்ந்து போகிற தடம் அது. நாய்க்கு உரிய புழு ஆனதால் மனித உடம்பில் வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுற்றும். நாளுக்கு நாள் கோடு நீளும், இரவெல்லாம் அரிக்கும், சொறிந்து புண்ணாகும். பையனை கிளினிக்கிற்கு அனுப்பினேன், இதற்கு மருந்து எளிது. குட்டியும் பிழைத்தது. ஆனால் பையனுக்கு அது குட்டியைத் தூக்கியதால் வரவில்லை. தாய் நாய் வழக்கமாக மலம் கழிக்கிற, மரநிழல் விழுகிற பின்கட்டு மண்ணிலிருந்து வந்தது. குட்டியைத் துரத்திவிட்டு மண்ணை அப்படியே விட்டிருந்தால் பயனே இல்லை.

தோலைத் துளைத்துப் புழு உள்ளே வரும் என்பதையே ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. எகிப்தில், கெய்ரோவில், ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இருந்தார். கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணீரைக் கையாண்டபோது ஒரு சொட்டு தவறிக் கையில் விழுந்தது. அந்த இடம் சிவந்தது, எரிந்தது. அவர் அதைச் சும்மா விடவில்லை. தன் மலத்தையே சோதித்துக்கொண்டு வந்தார். சில வாரங்கள் கழித்து அதில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. 1898இல் இதை எழுதி வெளியிட்டபோதும் பலர் ஏற்கவில்லை. அப்புறம், அறுத்து எடுக்கவிருந்த ஒரு காலின் தோலில் குஞ்சுகளை விட்டு, அறுவை முடிந்ததும் அந்தத் தோலைச் சோதித்து, அவை உள்ளே போயிருப்பதைக் காட்டினார். இதே லூஸ்தான் 1911இல், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்த இன்னொரு கொக்கிப்புழுவைப் பற்றி எழுதினார். அதற்கு சிலோன் பெயரையே வைத்து ஆன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்றார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம். 1915ஆம் ஆண்டையொட்டி, ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரின் குழு மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களிடம் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் வெறுங்காலோடு பால்மரம் வெட்டியவர்கள். இரத்தம் குறைந்து, முகம் ஊதி, மூச்சு வாங்கிக்கொண்டே பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனவர்கள். சோம்பேறி என்று திட்டும் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இரத்தம் குடித்துக்கொண்டிருந்த புழுவை யாரும் பார்க்கவில்லை. அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிற வகை. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குக் கக்கூஸ் வந்தது, காலுக்குச் செருப்பு வந்தது, அந்தப் புழு வெகுவாகக் குறைந்தது.

ஆனால் நாய்க்கு யாரும் கக்கூஸ் கட்டவில்லை. அந்த சிலானிக்கம் புழு இங்கேதான் வருகிறது. நாய், பூனையிடமிருந்து வந்து, மனிதக் குடலிலேயே வளர்ந்து, முட்டையும் போடுகிற கொக்கிப்புழு இது. மலேசியாவில் ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்களின் கிராமங்களில் செய்த மரபணுச் சோதனைகளில் இது மனிதர்களிடமும் அவர்கள் வளர்க்கும் நாய்களிடமும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாக் கொக்கிப்புழு முட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் கொக்கிப்புழு என்றுதான் எழுதுவார்கள், நாயிடமிருந்து வந்தது என்று தெரியாமலே போகும். மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு நாயை விட்டால் கதை முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, மண்ணுக்கு என்ன செய்வது? புதிதாகப் போட்ட மலத்தில் இந்தப் புழுக்கள் நம்மை இன்னும் தொற்றாது. நிழலும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும், ஒரு வாரம் போல ஆனதும்தான் குஞ்சு தோலைத் துளைக்கத் தயாராகும். அன்றன்றைக்கே அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டால் அந்த வழி அடைபடும். மேலாக மண்ணைத் தள்ளி மூடாதீர்கள். கீரைப் பாத்திக்கு எருவாகவும் போடாதீர்கள். நன்றாக வெயில் பட்டுக் காயும் தரையில் குஞ்சு பிழைக்காது.

இதில் எனக்குப் பெரிய கவலை நம் தோட்டத்துக் கோயில்கள். முனீஸ்வரர் கோயில் என்றால் பெரிய மரம், குளிர்ந்த நிழல், மணல் தரை. படையல் சோறு கிடைக்கும் என்று நாய்கள் அங்கேயே கிடக்கும். அவற்றுக்குச் சோறு போடுவது புண்ணியம், போடத்தான் வேண்டும். ஆனால் திருவிழா அன்று நூற்றுக்கணக்கானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதும் அதே மணலில்தான். கோயில் நிர்வாகத்தினர் தினமும் காலையில் ஒருவரை வைத்து மலத்தை அள்ளச் சொல்லுங்கள். நாய்களுக்கு மருந்து கொடுக்க மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் பேசிப் பாருங்கள். நாயை அடித்து விரட்டினால் அடுத்த வாரம் வேறு நாய் வந்து படுக்கும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உருண்டைப்புழுவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சாகாமல் இருக்கும். மண் ஒட்டிய கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது உள்ளே போய், ஈரலுக்கோ கண்ணுக்கோ நகரலாம். கண்ணில் போனால் பார்வை போகலாம், பெரும்பாலும் ஒரு கண்ணில். அதனால் பிள்ளைக்கு ஒரு கண் மங்குகிறது என்றால், வீட்டில் நாய்க்குட்டி இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டிக்கு இரண்டு, நான்கு, ஆறு, எட்டு வாரங்களில் எடைக்கு ஏற்ற மருந்து, கூடவே தாய் நாய்க்கும். மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு வரும் இதயப்புழுவைப் பற்றி, என்னை இன்னொரு முறை அழைத்தால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.