பேரீச்ச மரத்தடியிலும் சிலுவையடியிலும் ஒரே தாய்

குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண் ஒருவரே. அவர் முகம்மது நபியின் தாயாரும் அல்லர், மனைவியரில் ஒருவரும் அல்லர், மகளும் அல்லர். நத்தார் நாளில் நாம் நினைவுகூரும் மரியாள்தான் அவர். "மர்யம்" என்ற அவருடைய பெயரையே 19ஆம் அத்தியாயம் தாங்கி நிற்கிறது.

வணக்கம், அன்பானவர்களே. ஒரே இறைவன், நியாயத்தீர்ப்பு, கன்னியிடம் பிறப்பு, இயேசு திரும்பவும் வருவார் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் ஆகிய இரு தரப்பாரும் ஏற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, என் மனத்தை விட்டு அகலாத இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

சென்ற நோன்பு மாதத்தில், முல்லைத்தீவில் எங்கள் பக்கத்து வீட்டு உம்மா, நோன்புக் கஞ்சியோடு மூன்று பேரீச்சம்பழங்களையும் ஒரு சிறு தட்டில் வைத்துத் தந்து, "மர்யம் அலைஹிஸ்ஸலாம் பிள்ளை பெத்த நேரம் சாப்பிட்ட பழம், தம்பி" என்றார். அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே முன்னணையும் இல்லை, யோசேப்பும் இல்லை. பிரசவ வேதனை தாங்காமல் பேரீச்ச மரத்தடிக்கு வந்த ஓர் இளம்பெண், இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று தனிமையில் அழுகிறாள். காலடியில் நீரோடை தோன்றுகிறது. மரத்தைக் குலுக்கு, கனிந்த பழம் உதிரும் என்ற குரல் கேட்கிறது. அது 19ஆம் அத்தியாயத்தின் 25ஆம் வசனம்.

இப்போது யோவான் 19ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்தை எடுங்கள். இயேசுவின் தாய் சிலுவையினருகே நின்றுகொண்டிருந்தாள் என்று அது சொல்கிறது! எண்கள் பொருந்துவது தற்செயல்தான். அதை ஆதாரமாக்கி யாரிடமும் வாதாட வேண்டாம். ஆனால் இரு மார்க்கங்களும் பிரியும் இடம் இந்த இரண்டாவது மரம்தான். ஈஸா நபி, அதாவது இயேசு, கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்று குர்ஆன் 4:157 கூறுகிறது. இறைவன் தம் தூதரை அத்தகைய அவமானத்துக்கு விட்டுவிடமாட்டார் என்பது அவர்களுடைய பக்தி. அந்த அவமானத்தைத் தேவன் தாமே விரும்பி ஏற்றார், நம் பாவத்துக்காக ஏற்றார் என்பதே நாம் அறிவிக்கும் நற்செய்தி. சிலுவையை எடுத்துவிட்டால் நம்மிடம் சொல்ல வேறு செய்தி இல்லை.

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் அமர்ந்ததைக் கண்ட வன்னி மக்களுக்கு, பிள்ளைக்காக ஒரு தாய் அசையாமல் நிற்பது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகையால் முஸ்லிம் அயலவரிடம் திரித்துவ விவாதத்தோடு போகாதீர்கள். மர்யமைப் பற்றிக் கேளுங்கள், அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள், பிறகு யோவானை வாசித்துக் காட்டலாமா என்று அனுமதி கேளுங்கள். உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

யோவானின் அந்தப் பகுதியை நான் உம்மாவுக்கு வாசித்து முடித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டார்: "தாய் அதைப் பாத்துக்கொண்டே நிண்டாவா, தம்பி?"