பன்னிரண்டு பேரும் நூற்றிருபது ரூபாயும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஊரின் எழுத்தாளர் சங்கம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கிளை நூலகத்து மாடியில் முப்பது நாற்காலிகள் போடப்பட்டிருக்கும்; அவற்றில் பதினெட்டு நிரம்பும். ஒருவர் கதை வாசிப்பார், இருவர் பாராட்டுவார்கள், ஒருவர் மறுத்துப் பேசுவார், தேநீர் வந்ததும் மறுத்தவரும் தணிந்துவிடுவார். நானும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவனாகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேரளத்தின் கோட்டயம் நகரில் 1945ஆம் ஆண்டு பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சங்கம், ஆளுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைத்து, அந்த நூற்றிருபது ரூபாயைப் பங்கு மூலதனமாகக் காட்டித் தன்னைப் பதிவு செய்துகொண்டது. சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்பது அதன் பெயர். சககரணம் என்றால் கூட்டுறவு. எழுத்துத் துறையில் செயல்படுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கம் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இலக்கியம் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி குறைவு. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பால் உற்பத்தியாளர் சங்கம், நெசவாளர் சங்கம், வேளாண்மைக் கடன் சங்கம் என்று என் வாழ்நாளில் பார்த்த பேரேடுகள் ஏராளம். எங்கள் குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதியாதலால், எங்கள் வீட்டில் மலையாளப் புத்தகங்களும் இருந்தன. அவற்றை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவன் என்ற அளவில் இந்தச் சங்கத்தின் பெயர் எனக்குச் சிறு வயதிலேயே அறிமுகமானது. ஆகவே இந்தச் சங்கத்தை ஒரு தணிக்கையாளனின் கண்ணோடுதான் பார்க்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நூற்றிருபது ரூபாய். கூட்டுறவு வரலாறு படித்தவர்களுக்கு இங்கிலாந்தின் ராக்டேல் நகரம் நினைவுக்கு வரும். 1844ஆம் ஆண்டு அங்கே இருபத்தெட்டுத் தொழிலாளர்கள், அவர்களில் நெசவாளர்கள் பலர், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் இருபத்தெட்டுப் பவுன் சேர்த்து ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். மாவும் சர்க்கரையும் கலப்படமின்றி, சரியான எடையில், தங்களுக்குத் தாங்களே விற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். கோட்டயத்துப் பன்னிரண்டு பேரின் முயற்சியும் அதே இனத்தைச் சேர்ந்தது. ராக்டேல்காரர்கள் வாங்குகிறவர்களாகக் கூடினார்கள். இவர்கள் விளைவிக்கிறவர்களாகக் கூடினார்கள். பாலுக்கு விலை வைக்கும் உரிமை பால்காரருக்கு இல்லாதபோது பால் சங்கம் எப்படித் தேவைப்பட்டதோ, அப்படித்தான் கதைக்கு விலை வைக்கும் உரிமை இல்லாத கதாசிரியருக்கு இந்தச் சங்கம் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து நிலைமை என்ன என்பதற்கு வைக்கம் முகமது பஷீர் ஒருவரே போதும். பின்னாளில் மலையாளம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அந்த எழுத்தாளர், தம் புத்தகங்களைத் தாமே அச்சிட்டு, தாமே சுமந்து சென்று விற்றிருக்கிறார். எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தியிருக்கிறார். எழுதுகிறவர் ஒன்று தாமே வியாபாரி ஆக வேண்டும், இல்லையேல் கையெழுத்துப் பிரதியை ஏதோ ஒரு தொகைக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அது எத்தனை பதிப்பு வந்தாலும் வேடிக்கை பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருந்ததில்லை. நம் பக்கமும் இதைவிட மேலான நிலை இருந்ததாகச் சொல்ல முடியாது. சி. சு. செல்லப்பா பையில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற கதை நமக்குத் தெரியும். புதுமைப்பித்தன் 1948ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் காச நோயோடும் பணமுடையோடும் உயிர்விட்ட இடம் திருவனந்தபுரம். கோட்டயத்துச் சங்கம் தொடங்கி அப்போது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. இரண்டும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் நடந்தவை. இந்தச் செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் சங்கடப்படும்.

சங்கத்தின் முதல் தலைவர் எம். பி. பால். விமர்சகர், ஆங்கிலப் பேராசிரியர். நாவல், சிறுகதை ஆகிய வடிவங்களைப் பற்றி மலையாளத்தில் முறையாக எழுதிய முன்னோடி. பஷீரின் புகழ்பெற்ற குறுநாவலுக்கு முன்னுரை எழுதியவரும் அவர்தான். முதல் செயலாளர் காரூர் நீலகண்ட பிள்ளை. ஏற்றுமானூர்க்காரர், பள்ளி ஆசிரியர், சிறுகதையாசிரியர். தலைவர் பதவி மேடைக்கு, செயலாளர் பதவி மேசைக்கு என்பது எல்லாச் சங்கங்களிலும் நான் கண்ட நடைமுறை. ஆகவே காரூரைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

காரூரின் கதைகளில் பள்ளிக்கூட வாத்தியார்கள் அடிக்கடி வருவார்கள். பசி தாங்காமல் மாணவனின் பொதிச்சோற்றைத் திருடித் தின்றுவிடும் ஒரு தலைமையாசிரியரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். திருட்டு என்ற சொல்லை வாசிக்கிறவர் வாயால் சொல்ல விடாமல் எழுதப்பட்ட கதை அது. சம்பளம் மாத நடுவிலேயே தீர்ந்துபோவது எப்படி என்பதை உள்ளிருந்து அறிந்த ஒருவர், எழுத்தாளர்களின் பணத்துக்குப் பொறுப்பாளராக அமர்ந்தது அந்தச் சங்கத்தின் நல்வாய்ப்பு. வரவேண்டிய பத்து ரூபாய் பதினைந்து நாள் தாமதமானால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. நான் தணிக்கை செய்த சங்கங்களிலும், செயலாளர் தாமே கடன்பட்டு மீண்டவராக இருந்த இடங்களில் நிலுவைப் பட்டியல் சுருக்கமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். இது விதியன்று, என் அனுபவம்.

சங்கம் வெளியிட்ட முதல் நூல் தகழி சிவசங்கரப் பிள்ளையின் கதைத் தொகுப்பு. உலகப் போர் முடிந்து தாள் தட்டுப்பாடு தீராதிருந்த காலம் அது. ஆனால் பேச வேண்டிய செய்தி, சங்கம் எழுத்தாளருக்குக் கொடுத்த ராயல்டி. விற்பனை விலையில் முப்பது விழுக்காடு வரை அது கொடுத்தது. இன்றைக்கும் பதிப்புலகில் பத்து விழுக்காடு என்பதுதான் பரவலாகப் பேசப்படும் அளவு. அதையும் கேட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது என்பது எழுதுகிற நேயர்களுக்குத் தெரியும். ஒரு ரூபாய் விலையுள்ள புத்தகம் ஆயிரம் படிகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காட்டில் எழுத்தாளருக்கு நூறு ரூபாய். முப்பது விழுக்காட்டில் முந்நூறு ரூபாய். அச்சுக்கூலி, தாள், கட்டுமானம், கடைக்காரருக்கான கமிஷனாகிய கழிவு, சங்கத்தின் நிர்வாகச் செலவு அத்தனையும் மீதி எழுநூறில் அடங்க வேண்டும். கடைக்காரரின் கழிவு வெளியே போய்க்கொண்டிருக்கும் வரை இந்தக் கணக்கு மூச்சு முட்டும். வெளியீட்டாளரும் கடைக்காரரும் ஒருவரே ஆகிவிட்டால், அந்தக் கழிவு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

அதைத்தான் அவர்கள் 1949இல் செய்தார்கள். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவரும் ஆசிரியராக இருந்தவருமான டி. சி. கிழக்கேமுறி, 1945இல் கோட்டயத்தில் நேஷனல் புக் ஸ்டால் என்ற கடையைத் தொடங்கியிருந்தார். அந்தக் கடை சங்கத்தோடு இணைந்தது, டி. சி.யும் சங்கத்துக்கு வந்தார். எழுதத் தெரிந்தவர்கள் நடத்திய சங்கத்துக்கு விற்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தார் என்று இதைச் சொல்ல வேண்டும். அன்று முதல் கேரள மக்களின் வாயில் அந்த நீண்ட சங்கப் பெயர் நுழையவில்லை, என்.பி.எஸ். என்ற மூன்று எழுத்தே நிலைத்தது.

என்னிடம் ஒரு பழைய என்.பி.எஸ். நாவல் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கியது. அட்டை போய்விட்டது, முதுகில் யாரோ மைதாப் பசை தடவி காக்கித் தாள் ஒட்டியிருக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் வெளியீடு சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்றும், விற்பனை நேஷனல் புக் ஸ்டால் என்றும் தனித்தனியாக அச்சாகியிருக்கிறது. அதற்கு மேலே, பாதி மங்கிய ஊதா மையில், ஒரு கிராமத்து வாசகசாலையின் வட்ட முத்திரை. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் புத்தகம் திரும்ப வேண்டிய தேதிகள் வரிசையாக இருக்கின்றன. சில மாதங்களில் மூன்று பேர் எடுத்திருக்கிறார்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்றுச் சீட்டை நான் பார்த்ததில்லை.

அந்த வட்ட முத்திரையில்தான் இந்த வெற்றியின் பாதிக் காரணம் இருக்கிறது. எழுத்தாளர்கள் கோட்டயத்தில் கூடிய அதே 1945ஆம் ஆண்டில், பி. என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் நாற்பத்தேழு கிராம நூலகங்களின் பிரதிநிதிகள் கூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார்கள். படித்து வளர்க என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். அது கிராமம் கிராமமாகப் பரவியது. புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கம், புத்தகம் வாங்கும் வாசகசாலைகளுக்கு ஒரு சங்கம் என்று இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தன. அச்சான படிகளில் ஒரு பங்கு நிச்சயமாக நூலகங்களுக்குப் போகும் என்ற நம்பிக்கை இருந்தால்தான், எந்த வெளியீட்டாளரும் துணிந்து ராயல்டி கொடுக்க முடியும். நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எழுத்தாளர்களின் ஒற்றுமையைப் புகழ்ந்துவிட்டு இந்த வாசகசாலைகளை மறந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

கோட்டயம் என்ற ஊரின் பங்கையும் குறிப்பிட வேண்டும். பெஞ்சமின் பெய்லி என்ற பாதிரியார் 1821இல் அங்கே சி.எம்.எஸ். அச்சகத்தை நிறுவினார்; மலையாள எழுத்துகளை வார்த்தெடுக்க அவர் பட்ட பாடு தனியே ஓர் உரைக்கு உரியது. அச்சுத் தொழிலும் நாளிதழ்களும் வேரூன்றியிருந்த ஊரில், அச்சுக் கோப்பவருக்கோ மெய்ப்புத் திருத்துபவருக்கோ பஞ்சம் இருந்திருக்க முடியாது. சங்கமும் பின்னர் இந்தியா பிரஸ் என்ற சொந்த அச்சகத்தை வைத்துக்கொண்டது.

சங்கத்தின் நூல்களில் நமக்கு மிகவும் தெரிந்தது தகழியின் செம்மீன். 1956இல் வந்த அந்த நாவலுக்கு மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நாம் அதைத் தமிழில் படித்தோம். நாவல் எந்தப் பதிப்பாளரிடமும் நன்றாக விற்றிருக்கும். ஆனால் மலையாளத்தின் பேரகராதியான சப்ததாராவலியை அச்சில் நிலைக்க வைப்பதும், பத்துத் தொகுதிகளில் விசுவ விஞ்ஞான கோசம் என்ற கலைக்களஞ்சியம் கொண்டுவருவதும், அரசும் பல்கலைக்கழகமும் செய்யத் தயங்கும் வேலைகள். நூற்றிருபது ரூபாயில் தொடங்கிய ஒரு சங்கம் அவற்றைச் செய்தது என்பதை ஆண்டறிக்கையில் எழுதியிருந்தால், தணிக்கையாளனாகிய நான் சான்றுச் சீட்டுகளை இரண்டு முறை சரிபார்த்திருப்பேன்.

இந்தக் கதை ஒரே சீராக ஏறிக்கொண்டே போகவில்லை. டி. சி. கிழக்கேமுறி சங்கத்தை விட்டு விலகி, 1974இல் டி. சி. புக்ஸ் என்ற தனி நிறுவனத்தை அதே கோட்டயத்தில் தொடங்கினார். அது வளர்ந்தது, சங்கத்துக்கு முன்பிருந்த முதலிடம் போயிற்று. இதில் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. கூட்டுறவில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வாக்கு, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் சரி. தேர்தல், பொதுக்குழு, துணைவிதித் திருத்தம், பதிவாளரின் ஒப்புதல் ஆகிய அனைத்தையும் கடந்துதான் ஒரு முடிவு எடுக்க முடியும். தனி முதலாளி காலையில் நினைத்ததை மாலையில் செய்துவிடுவார். ஆனால் அந்தத் தனி முதலாளியும் எழுத்தாளருக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம், அதே தெருவில் எழுத்தாளர்களின் சொந்தக் கடை இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். நல்ல ராயல்டிக்குப் பழகிப்போன எழுத்தாளரிடம் அதைக் குறைத்துப் பேச எவருக்கும் வாய் வராது.

சங்கம் இன்றும் இயங்குகிறது. கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில், எழுத்தும் அச்சும் வளர்ந்த கதையைச் சொல்லும் அட்சரம் என்ற அருங்காட்சியகத்தை அது அமைத்து, 2024இல் திறந்து வைத்தது. நாகர்கோவிலிலிருந்து கோட்டயத்துக்கு நேரடியாகவே ரயில் உண்டு. போய்ப் பார்க்கிற நேயர்கள் கண்ணாடிப் பேழைகளில் உள்ள ஓலைகளையும் அச்செழுத்துகளையும் பொறுமையாகப் பாருங்கள். எனக்கு அங்கே பார்க்க ஆசையுள்ள பொருள் வேறு: பன்னிரண்டு பெயர்களுக்கு எதிரே பத்து, பத்து என்று எழுதிக் கூட்டுத்தொகையிட்ட அந்த முதல் பங்குப் பதிவேடு.

நன்றி. வணக்கம்.