‘எடு’ என்ற ஒரு சொல்லும் ஹெகலின் தலைவலியும்

கேமரா ஓடுகிறதா? சரி. ஜெர்மன் தத்துவவாதி ஹெகலை இங்கிலீஷில் படிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வார்த்தை இருக்கிறது, ‘சப்லேட்’. இதோ பாருங்கள், என் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விக்குறி. இங்கிலீஷ்காரர் யாராவது வீட்டில் இந்த வார்த்தையைப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

ஜெர்மனில் அது ‘அவுஃப்ஹேபன்’. கீழே விழுந்த பேனாவை எடு, எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வை, அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், இந்த மூன்றுக்குமே அந்த ஒரே வினைச்சொல்தான். கவனித்தீர்களா, மூன்று இடத்திலும் நானும் ‘எடு’ என்றுதான் சொன்னேன்! நமக்காவது பின்னால் வருகிற வை, விடு எது என்று காட்டிக்கொடுத்துவிடும், அங்கே பேச்சின் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஹெகலுக்கு அந்தக் குழப்பமேதான் வேண்டும். ஒரு கருத்து அடுத்ததால் ரத்தாகிறது, ஆனால் தொலைந்துபோவதில்லை, புதியதற்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. ‘தர்க்கத்தின் அறிவியல்’ நூலில் இந்தச் சொல்லுக்கென்றே ஒரு குறிப்பு எழுதி, லத்தீனின் ‘டொல்லெரே’ இவ்வளவு தூரம் வராது, அதில் தூக்குவது மட்டும்தான் உண்டு, வைத்திருப்பது இல்லை என்கிறார். வேடிக்கை என்னவென்றால் ‘சப்லேட்’ பிறந்ததே அந்த டொல்லெரேயிலிருந்துதான்! ஆசிரியரே போதாது என்று தள்ளியதைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். 1977இல் ஹெகலின் இன்னொரு நூலான ‘ஃபினாமினாலஜி’யை மொழிபெயர்த்த மில்லர் ‘சூப்பர்சீட்’ என்று போட்டார். அதில் ரத்து இருக்கிறது, கேக் இல்லை.

மனம், ஆவி இரண்டையும் குறிக்கிற ‘கைஸ்ட்’ என்ற ஜெர்மன் சொல்லின் கதை இன்னும் மோசம். அதே ‘ஃபினாமினாலஜி’ புத்தகம், 1910இல் அதை மொழிபெயர்த்த பெய்லி கையில் தலைப்பிலேயே ‘மைண்ட்’, மில்லர் கையில் ‘ஸ்பிரிட்’. ஒன்றில் மூளை வாடை, இன்னொன்றில் சர்ச் வாடை.

அப்புறம் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரின் ‘டாஸைன்’. 1962இல் மெக்வாரியும் ராபின்சனும் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நேர்மையான முடிவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். ஆனால் ஜெர்மனில் அதுவும் புழக்கத்தில் இருக்கிற சொல், இருப்பு, பிழைப்பு மாதிரி. டார்வினின் வாழ்க்கைப் போராட்டம்கூட அங்கே ‘டாஸைனுக்கான போராட்டம்’தான். அது இங்கிலீஷ் பக்கத்தில் வந்து என்னவோ மந்திரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பேட்டரி சிவப்பு காட்டுகிறது. கான்ட்டை அடுத்த வீடியோவுக்கு எடுத்து வைக்கிறேன்.