எழுந்து போக முடியாதவர்களுக்காக ஒரு விதி

அவைத் தலைவர் அவர்களே, உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களே, சுகாதாரப் பிரிவு நண்பர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புகைபிடித்தால் உடல் கெடும் என்று சொல்வதற்கு இந்த மேடை தேவையில்லை. சிகரெட் பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. நான் புகைக்காதவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்களிலும் குறிப்பாக ஒருவரைப் பற்றி. உணவு விடுதியில் பக்கத்து மேசைக்காரர் புகைத்தால் வாடிக்கையாளர் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விடலாம். அந்த மேசைக்குப் பரிமாறுகிறவர் எங்கே போவார்? மேலாளர் புகைக்கும் அறையில் அமர்ந்து கணக்கு எழுதுகிறவர், புகைக்கிற ஓட்டுநருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து போகும் உதவியாளர், சாம்பல் கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் துப்புரவுப் பணியாளர் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? சம்பளம் வேண்டுமென்றால் அந்தக் காற்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். பணியிடப் புகைத்தடை யாருக்காக என்று கேட்டால், எழுந்து போக முடியாத இவர்களுக்காகத்தான் என்பேன். இதை மறந்துவிட்டு எழுதப்படும் விதிகளில் எப்படியும் ஓட்டை விழுந்துவிடும்.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உணவு விடுதிகளில் பரிமாறும் வேலை செய்தவர். தம் வாழ்நாளில் ஒரு சிகரெட் கூடப் புகைத்ததில்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. வேலை செய்த இடத்துப் புகையே காரணம் என்று தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்திடம் முறையிட்டார், வாரியமும் ஏற்றுக்கொண்டது. அத்துடன் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. ஊர் ஊராகப் போய், மன்றம் மன்றமாக ஏறி, புகையால் நோயுறும் கடைசித் தொழிலாளி நானாக இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். 2006 மே மாதம் இறந்தார். ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் பணியிடங்களில் புகையைத் தடைசெய்யும் சட்டம் அதே மாதக் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்தவை சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. உரிய காலத்தில் விதி வந்திருந்தால் அந்த அம்மாவுக்கு நோயே வந்திராமல் போயிருக்கலாம்.

இந்தப் புகை எப்படி ஆபத்தாகிறது? சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் யாரும் இழுக்காமல் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சிகரெட்டை அருகில் போய்ப் பாருங்கள். அதன் நுனியிலிருந்து நீலம் கலந்த மெல்லிய புகை நேராக எழும்பும். அது யாருடைய நுரையீரலுக்குள்ளும் போய் வந்த புகை அல்ல, எந்த வடிகட்டியையும் கடந்து வந்ததும் அல்ல. புகைப்பவர் ஆழமாக இழுக்கும்போது நுனியில் வெப்பம் ஏறுகிறது. சும்மா கிடக்கும்போது குறைந்த வெப்பத்தில், அரைகுறையாக எரிகிறது. அப்படி எரியும்போது பல நச்சுப் பொருள்கள் கூடுதலாக வெளிவருகின்றன. அறையில் சேரும் புகையின் பெரும்பகுதி இந்த நுனிப்புகைதான். அதில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் எழுபது அளவில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

1981இல் ஜப்பானைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து வந்த முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. புகையிலை நிறுவனங்கள் அந்த ஆய்வை உடைக்கப் பெரும் பணம் செலவிட்டன. ஆனாலும் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் விடும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. இவ்வளவு அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர் 2006இல் அறிக்கை கொடுத்தார். பிறர் புகையால் ஆண்டுதோறும் இறக்கும் புகைக்காதவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒவ்வோர் ஊரிலும் வரைவு எழுதும்போது ஒரு பிரிவு மட்டும் சந்தடியில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். 'புகைப்பதற்கென்று தனி அறை அமைத்துக்கொள்ளலாம்' என்கிற பிரிவு. இரு தரப்புக்கும் நியாயம் செய்வதுபோலத் தோன்றும். உறுப்பினர்களே, கையெழுத்திடுவதற்கு முன் அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் புகை நடைவழிக்கு வருகிறது. சிகரெட் புகையின் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. கதவிடுக்கு, கூரை இடுக்கு, குளிர்சாதனக் குழாய் என்று எதன் வழியாகவும் அவை போய்விடும். எக்ஸாஸ்ட் மின்விசிறி நாற்றத்தைக் குறைக்கும். நாற்றம் குறைந்ததும் நஞ்சும் போய்விட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே, இந்தச் சாதனங்களை வைத்தே தொழில் செய்கிறவர்களின் சங்கம். 2005இல் அவர்களே, கட்டடத்துக்குள் புகைப்பதை அறவே நிறுத்துவது ஒன்றுதான் உடல்நலத்தைக் காக்கும் வழி, காற்றோட்டத்தால் அது முடியாது என்று அறிவித்தார்கள். சாதனம் விற்கக் கூடியவர்களே முடியாது என்கிறபோது, முடியும் என்று விதியில் எழுத நாம் யார்?

அந்த அறையைக் கூட்டுகிறவர் யார் என்றும் கேளுங்கள். தினமும் ஒருவர் அதற்குள் போக வேண்டும். கிண்ணங்களைக் கொட்ட வேண்டும், சுவரில் படிந்த மஞ்சள் பிசுக்கைத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். அந்தக் கட்டடத்திலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவராகவும் இருப்பார். தனி அறைப் பிரிவு புகையை அவர் ஒருவர் தலையில் கொண்டுபோய்ச் சுமத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும், அதன் எட்டாம் பிரிவுக்கு 2007இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளில், தனி அறையும் காற்றோட்டச் சாதனமும் தீர்வாகா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. மாடிப்படி, லிஃப்ட், கழிவறை, பணியாளர் ஓய்வறை, வேலைக்குப் பயன்படும் வாகனம் எல்லாமே பணியிடம்தான் என்றும் அந்த நெறிகள் விளக்கியிருக்கின்றன.

விதி போட்டால் பலன் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைத்த இடங்களைச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் 1998 தொடக்கத்தில் மதுக்கூடங்களுக்கும் தடை வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் மது ஊற்றித் தரும் பணியாளர்கள் 53 பேரைத் தடைக்கு முன்பும், வந்த சில வாரங்களிலும் மருத்துவர்கள் சோதித்தார்கள். முன்பு 39 பேருக்கு இருமல், இளைப்பு, சளி போன்ற தொல்லைகள் இருந்தன. அவர்களில் 23 பேருக்குப் பிறகு அவை இல்லை. மருந்து மாத்திரை எதுவும் தரப்படவில்லை. அறையின் காற்று மாறியது, அவ்வளவுதான். வேலையும் அதே வேலை, முதலாளியும் அதே முதலாளி.

இதைவிட என் மனதில் ஆழமாக நிற்பது அயர்லாந்தின் கதை. 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து குடியரசு மதுக்கூடம் உட்பட எல்லா மூடிய பணியிடங்களிலும் புகைப்பதைத் தடைசெய்தது. நாடு தழுவிய தடையில் உலகுக்கே அதுதான் முன்னோடி. எல்லைக்கு அந்தப் பக்கம் வட அயர்லாந்து. அங்கே அப்போது தடை இல்லை. மக்கள், பேச்சு, மதுக்கூடக் கலாசாரம், மழை எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. சட்டம்தான் வேறு. ஆய்வாளர்கள் இரு பக்கத்திலும் புகைக்காத மதுக்கூடப் பணியாளர்களின் எச்சிலைச் சேகரித்து, அதில் கொட்டினைன் எவ்வளவு என்று அளந்தார்கள். நிக்கோட்டின் உடலுக்குள் போனால் அது கொட்டினைனாக மாறும். ஒருவர் மூச்சில் எவ்வளவு புகை போயிருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டிக்கொடுப்பது இதுதான். தடை வந்த குடியரசில் அது 80 விழுக்காடு இறங்கியது. வட அயர்லாந்தில் 20 விழுக்காடு. விதி என்பது வெறும் காகிதம் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். அந்தக் காகிதம் பணியாளரின் உடம்புக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறது.

இதயத்துக்கும் இது பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. முன்னும் பின்னுமாக ஒன்பது மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தபோது, மாரடைப்பும் அதையொத்த திடீர் இதயப் பாதிப்பும் வந்து சேர்ந்தோர் 17 விழுக்காடு குறைந்திருந்தனர். அதே காலத்தில் தடை இல்லாத இங்கிலாந்தில் குறைவு 4 விழுக்காடு. தவிர்க்கப்பட்ட பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்களுடையது.

சரி, இதை நாட்டின் அரசு பார்த்துக்கொள்ளட்டும், உள்ளாட்சிக்கு ஏன் இந்த வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. மேலிருந்து சட்டம் வரும் என்று காத்திருந்த ஊர்களைவிட, காத்திராத ஊர்கள்தான் இந்த வரலாற்றை எழுதின. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறிய நகரம் 1990இலேயே மதுக்கூடங்கள் உட்பட மக்கள் கூடும் கட்டடங்களுக்குள் புகைப்பதைத் தடுத்தது. ஊர்கள் ஒவ்வொன்றாக விதி போட்டன. அதன் பிறகுதான் மாநிலம் 1995இல் பணியிடங்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. நியூயார்க் நகரம் 2003இல் மதுக்கூடங்களையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அயர்லாந்து.

புகையிலை நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, பின்னர் புகையிலைத் தொழிலுக்காகத் தரகு பேசியவர் விக்டர் கிராஃபோர்ட். தமக்கே புற்றுநோய் வந்த பிறகு 1995இல் அவர் மனம் திறந்து பேசினார். தலைநகரில் சட்டம் இயற்றினால் நாங்கள் வெல்வோம், உள்ளூர் மன்றங்களில் எங்களால் வெல்ல முடிந்ததில்லை, அதனால் ஊர்கள் தனியே விதி போட முடியாதபடி மேலே ஒரு பலவீனமான சட்டத்தைக் கொண்டுவருவதே எங்கள் முதல் நோக்கம் என்பது அவர் சொன்னதன் சாரம். காரணம் எளிது. தலைநகரில் ஒரு சிலரைப் பார்த்துப் பேசினால் போதும். ஊர்தோறும் போய், உறுப்பினரின் முகம் தெரிந்த மக்களுக்கு நடுவே நின்று, இந்தப் புகை ஒன்றும் செய்யாது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. இந்த அவையின் வலிமை என்னவென்று எதிரணியில் இருந்தவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். விற்பனை வரிக் கணக்குகளையும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையையும் வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், புகைத்தடையால் உணவு விடுதிகள் நொடித்துப்போனதாகக் காட்டவில்லை. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட நான் விரும்பவில்லை.

விதி எழுதும்போது சிலவற்றை விட்டுவிடாதீர்கள். பொறுப்பு முதலில் முதலாளி மீது இருக்க வேண்டும். புகைத்தவருக்கு மட்டும் அபராதம் என்றால், வாடிக்கையாளரிடம் சண்டை போடும் வேலை கடைசியில் சிப்பந்தியின் தலையில் விழும். கட்டடத்துக்குள் சாம்பல் கிண்ணம் இருப்பதே விதிமீறல் என்று எழுதுங்கள். ஆய்வுக்கெனத் தனிப்படை வேண்டியதில்லை. சமையலறையின் சுத்தத்தைப் பார்க்க ஏற்கெனவே போகும் சுகாதார ஆய்வாளரே இதையும் பார்க்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் மீறல்கள் கணக்கில் வரட்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகவே கூடாது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தொலைபேசி எண்ணும் பயன்படாது. இவற்றுக்கெல்லாம் முன்பாக மன்றத்தின் சொந்த அலுவலகம், வாகனம், பணிமனை, கிடங்கு ஆகியவற்றில் விதி நடைமுறைக்கு வரட்டும். தலைவரின் அறையில் புகை இருந்தால் ஆய்வாளரின் சொல் எந்தக் கடையிலும் எடுபடாது.

புகைக்கும் தொழிலாளியை மறந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர் நமக்கு எதிரி அல்லர். நிக்கோட்டின் மூளையைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். பதின்ம வயதில் பிடித்த பழக்கம் நாற்பதில் நினைத்தவுடன் விடாது. அவரை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. கதவு, சன்னல், குளிர்சாதனம் காற்றை உறிஞ்சும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் ஓர் இடம் காட்டுங்கள். விட விரும்புகிறவருக்கு ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் பணியிடத்திலேயே, வேலை நேரத்திலேயே கிடைக்கட்டும். முழுமையான தடை உள்ள பணியிடங்களில் சிலர் அறவே விட்டுவிடுகிறார்கள், விடாதவர்களும் நாளுக்குச் சராசரி மூன்று சிகரெட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கட்டுரை காட்டியது. தடையும் உதவியும் சேர்ந்து வந்தால் அவர் குடும்பத்துக்கும் நன்மை.

கடைசியாக ஒரு கோரிக்கை. வரைவு மீது கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பீர்கள். அது வேலை நாளின் முற்பகலில், இந்த அரங்கில் நடந்தால் வந்து பேசுகிறவர்கள் உரிமையாளர்களாகவும் அவர்களுடைய சங்கப் பிரதிநிதிகளாகவும்தான் இருப்பார்கள். பரிமாறுகிறவர் அப்போது பரிமாறிக்கொண்டிருப்பார், காவலர் இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார், துப்புரவுப் பணியாளருக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரிந்திருக்காது. எனவே ஒரு கூட்டத்தையாவது இரவில் முறை மாறும் நேரத்தில் வையுங்கள். சுகாதாரப் பிரிவு அலுவலர்கள் இருவர் சமையலறைக்கும் கிடங்குக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நேரே போகட்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வதைப் பெயர் போடாமல் எழுதி வந்து மன்றத்தில் வாசிக்கட்டும். தனி அறைப் பிரிவை வைப்பதா நீக்குவதா என்ற வாக்கெடுப்பை அந்த வாசிப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.