படகைக் கரையில் கட்டுங்கள்

வணக்கம் நேயர்களே. சனிக்கிழமை ராத்திரி இங்கிலாந்து கால்பந்து பார்ப்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். குளிர்காலத்தில் எட்டரைக்கு, கோடையில் ஏழரைக்கு. ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. புள்ளிப் பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வருமே, "இந்த அணிக்கு இத்தனை புள்ளி குறைக்கப்பட்டது" என்று, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மைதானத்தில் தோற்றதற்குக் குறைத்த புள்ளி இல்லை அது. கணக்குப் புத்தகத்தில் தோற்றதற்கு.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், 2025-26 பருவம் வரைக்குமானது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் ஒரு கிளப் மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். நம் பணத்தில் ஆயிரம் கோடிக்கு மேல். அதிலும் 9 கோடியை முதலாளி பங்குப் பணமாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் வரம்பு வெறும் ஒன்றரைக் கோடி. மைதானம் கட்டுவது, சிறுவர் பயிற்சி, பெண்கள் அணி, இந்தச் செலவெல்லாம் நஷ்டக் கணக்கில் சேராது. கொத்தனாருக்குக் கொடுத்த காசை விட்டுவிடுவார்கள், கோல் அடிக்கிறவனுக்குக் கொடுத்ததைத்தான் எண்ணுவார்கள். இத்தனை சலுகைக்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால், கை தவறி நடந்தது என்று நம்புவது கஷ்டம்.

தாண்டினால் என்ன செய்வது? என் கட்சி எளிது. தண்டனை எவ்வளவு பெரிது என்பதைவிட, எப்போது விழுகிறது என்பதுதான் முக்கியம். எவர்ட்டன் கிளப்பின் கதையைக் கேளுங்கள். கொஞ்சம் எண்கள் வரும், பக்கத்தில் காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

2021-22 வருஷத்தோடு முடிந்த கணக்கில் எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி பவுண்டு. வரம்புக்கு மேல் 1.95 கோடி. தண்டனை வந்தது 2023 நவம்பர் 17 அன்று, பத்துப் புள்ளி. மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது ஆறானது. இப்போது இந்த ஆறு புள்ளியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போவோம்.

2021-22 முடிவில் எவர்ட்டனுக்கு 39 புள்ளி, பர்ன்லிக்கு 35. பட்டியலில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்; அப்படி இறங்கியது பர்ன்லி. ஆறைக் கழித்தால் எவர்ட்டன் 33. அப்படியென்றால் இறங்க வேண்டியது எவர்ட்டன், பர்ன்லி தங்கியிருக்க வேண்டும். சரி, கணக்கைத் தணிக்கை செய்ய நாளாகும், அடுத்த பருவத்தில் கழிக்கட்டும் என்று விட்டுக்கொடுப்போம். 2022-23இல் எவர்ட்டன் 36, லெஸ்டர் 34, லீட்ஸ் 31, சவுத்தாம்ப்டன் 25. கடைசி நாளில் டுக்கூரே அடித்த ஒரே கோலில் போர்ன்மத்தை வென்று எவர்ட்டன் தப்பித்த வருஷம் அது, ஞாபகம் இருக்கும். ஆறைக் கழித்தால் 30. லெஸ்டர் பிழைத்திருக்கும்.

ஆனால் கழித்தது 2023-24இல். அந்த வருஷம் அடுத்த கணக்குக்காக இன்னும் இரண்டு புள்ளி போனது. மொத்தம் எட்டு போயும் எவர்ட்டனிடம் 40 மிச்சம். இறங்கிய மூன்று அணிகளில் மேலே இருந்த லூட்டனிடம் 26தான். இரண்டு வருஷத்தில் எதில் கழித்திருந்தாலும் எவர்ட்டனை இறக்கியிருக்கும் அதே ஆறு புள்ளி, கழித்த வருஷத்தில் ஒருத்தரையும் அசைக்கவில்லை. பர்ன்லி, லெஸ்டர் ரசிகர்களிடம் போய் "நியாயம் கிடைத்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்.

இப்படித் தாமதமாவதைப் பார்த்து, எவர்ட்டனுக்குத் தண்டனை வரும் முன்பே லீக் வழிமுறையை மாற்றியிருந்தது. அதன்படி டிசம்பர் 31க்குள் கணக்கு வந்துவிட வேண்டும், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் அதே பருவத்துக்குள் முடிய வேண்டும். முதலில் இதில் சிக்கியவற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஒன்று. மூன்றில் இரண்டு வருஷம் கீழ்ப் பிரிவில் இருந்ததால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடிதான், தாண்டியது 3.45 கோடி. அவர்கள் சொன்ன சமாதானம் சுவாரசியமானது. பிரெனன் ஜான்சன் என்ற வீரரை டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். ஆனால் விற்றது செப்டம்பர் 1ஆம் தேதி. கணக்கு மூடிய நாள் ஜூன் 30. ஜூனில் விற்றிருந்தால் குறைந்த விலைதான் கிடைத்திருக்கும், பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றது புத்திசாலித்தனம்தானே என்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதியில் கட்டாமல், "ரெண்டு மாசம் கழித்து நகை நல்ல விலைக்குப் போகும், அப்போது தருகிறேன்" என்றால் சீட்டு நடத்துகிறவர் ஒப்புக்கொள்வாரா? வழக்கை விசாரித்த ஆணையமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு புள்ளி என்று தொடங்கி, ஒளிக்காமல் ஒத்துழைத்ததற்கு இரண்டைக் குறைத்து நான்கில் முடித்தார்கள். அந்தக் குறைப்பு எனக்குச் சம்மதம். கணக்கை மறைத்தால் லாபம், காட்டினால் நஷ்டம் என்று ஆகிவிட்டால் அப்புறம் எவனும் காட்ட மாட்டான்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. வரம்பைத் தாண்டிவிட்டு லெஸ்டர் கீழே இறங்கியது. கணக்கு முடியும் ஜூன் 30 அன்று நாங்கள் இந்த லீகிலேயே இல்லையே என்று வாதாடி, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டில் ஜெயித்தும் விட்டது. ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவனிடம் வரி கேட்ட கதை.

அபராதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் பண விதியை மீறியதற்காக 2025இல் செல்சி கிளப்புக்குப் போட்டது 3.1 கோடி யூரோ. அதே செல்சி 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸ் ஒருவருக்குக் கொடுத்தது 10.68 கோடி பவுண்டு. இதற்குப் பெயர் அபராதம் இல்லை, நுழைவுக் கட்டணம்.

அப்படியானால் எது வலிக்கும்? நம் கடற்கரைக்காரர்களைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் விசைப்படகு கரையில் நிற்கும். தடையை மீறி ஒருத்தன் போய், ஒரு நாள் மீன்பிடிப்பில் அபராதத்தைவிட அதிகம் சம்பாதித்துவிட்டால், மறுநாளும் போவான். படகையே கரையில் கட்டினால்தான் அடங்குவான். கிளப்புக்குப் படகு எது? புது வீரரைப் பதிவு செய்யும் உரிமை. அதைக் கட்டுங்கள்.

ஆனால் கட்டும் விதம் தெரிய வேண்டும். 2014இல் பார்சிலோனாவுக்கு வீரர் வாங்கத் தடை வந்தது. அது பணக் குற்றம் இல்லை, வயது குறைந்த பிள்ளைகளைச் சேர்த்ததற்கு. மேல்முறையீடு என்றதும் தடையை நிறுத்திவைத்தார்கள். அந்தக் கோடையிலேயே சுவாரஸ், ராக்கிடிச், டெர் ஷ்டேகன் எல்லோரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, வயிறு நிரம்பிய பிறகு பட்டினி கிடந்தார்கள். தடை உடனே அமலாக வேண்டும். மேல்முறையீட்டை இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். முழுத் தடையும் வேண்டியதில்லை. ஒருவரை விற்று வந்த பணத்துக்குள்தான் இன்னொருவரைப் பதிவு செய்யலாம் என்றால் போதும். ஐரோப்பியப் போட்டிகளுக்குச் செல்சியிடம் ஏறக்குறைய அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். 2014இல் மான்செஸ்டர் சிட்டிக்கு 25 பேருக்குப் பதில் 21 பேர் என்று பட்டியலைச் சுருக்கினார்கள். இந்த வகைத் தண்டனையில் ஒரு வசதி: செலவு செய்தவன் மட்டும் சுமக்கிறான், ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டங்களின் முடிவைத் தொட வேண்டியதில்லை.

இதைவிட நல்லது, குற்றம் நடக்கும் முன்பே தடுப்பது. ஜெர்மனியில் பருவம் தொடங்கும் முன் கிளப்பின் கையிருப்பைப் பார்த்துத்தான் உரிமம் தருவார்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதற்குள் அடங்காத வீரரைப் பதிவு செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியே பார்சிலோனாவை விட்டுப் போனது அதனால்தான். மெஸ்ஸிக்காகக்கூட வளையாத விதி. இங்கிலாந்தும் 2026-27இலிருந்து வீரர் செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் என்று மாறுகிறது. அதிலும் வருஷம் முடிந்த பிறகு பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் எவர்ட்டன் கதைதான் மறுபடியும்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. முதலாளிகளைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். புள்ளியைக் குறைத்தாலும் கிளப்பையே நீக்கினாலும் செலவுக்குக் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். 1885இல் தொடங்கி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற பரி கிளப்பை, பணச் சிக்கலில் மாட்டியதால், 2019 ஆகஸ்டில் கீழ்ப் பிரிவு லீகை விட்டே நீக்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் போக இடமில்லாமல் நின்றது அந்த ஊர் ஜனம். அதனால் முதலாளி பருவம் தொடங்கும் முன்பே வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், வரம்பு தாண்டினால் அதிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் யோசனை. 2025 ஜூலையில் இங்கிலாந்து சட்டம் போட்டு, கிளப்புகளுக்கு உரிமம் தர ஒரு தனி அமைப்பை உருவாக்கியிருக்கிறது. அது முதலாளியின் சட்டைப்பை வரைக்கும் கை நீட்டுமா என்பதை... விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.