தையல் படித்தவரின் ஐந்து சான்றிதழ்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

போன மாதம் மட்டக்களப்பின் திராய்மடுவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுனாமிக்குப் பிறகு நாவலடிக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக்காரத் தங்கச்சி அலுமாரியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். உள்ளே ஐந்து சான்றிதழ்கள். தையல், உணவு பதனிடல், கணினி, சிறுதொழில், மறுபடியும் தையல். "ஒன்றாலும் சம்பளம் வரவில்லை சேர்" என்றார்.

வேலை தேடாமல் இருந்தவர் அல்லர் அவர். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக் காட்டச் சொன்னார்கள். அவர் பழகியது கால்மிதி இயந்திரம். அங்கே இருந்தது மின்சார இயந்திரம். பழைய பழக்கத்தில் பெடலை மிதித்திருக்கிறார். துணி விரலுக்கு அடங்காமல் ஓடியது, தையல் கோணியது, நூல் அறுந்தது. ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் தொழிற்சாலைக்காரரிடம் "உங்களிடம் என்ன இயந்திரம் இருக்கிறது?" என்று யாரும் போய்க் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லை தாண்டியவரைத்தான் சர்வதேசச் சட்டம் அகதி என்கிறது. நம் ஊரில், போராலோ சுனாமியாலோ இடம்பெயர்ந்து முகாமில் இருந்த எல்லோரையும் அகதி என்றே சொன்னோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

இவர்களுக்கு வேலைக்கு வழி காட்டுவதில் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் கடமை உண்டு. 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான அந்த வளாகம், 1990இல் அகதி முகாமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கே தஞ்சமிருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மண்ணில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அகதியின் வாழ்வு ஓர் ஆய்வுத் தலைப்பாக மட்டும் இருக்க முடியாது.

அகதி இளைஞரில் நூற்றுக்கு 15 பேராவது 2030க்குள் உயர்கல்விக்கு வர வேண்டும் என்பது ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் இலக்கு. வேலையின் பக்கத்திலும் முயற்சி நடக்கிறது. துருக்கியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் தயிர் விற்றுப் பெரும் முதலாளியான ஹம்தி உலுகாயா, அகதிகளுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களை ஒன்றுசேர்க்க 2016இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். தயிர் மட்டக்களப்பாருக்குப் புதிதா? பால் கறக்கிறவர் இங்கே இருக்கிறார், விவசாய பீடம் இருக்கிறது, கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியும் இருக்கிறார். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியதைத்தான் நான் காணவில்லை.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பட்டத்தோடு திரும்பும் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். பட்டத்தை ஏற்கவைக்கவும் பத்திரங்கள் எடுக்கவும் அலைகிறார்கள். அந்த அலைச்சலுக்குப் பல்கலைக்கழகம் துணை நிற்கலாம்; அதுவரை ஒரு முதலாளி அவர்களைப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பீடங்களிடமும் வர்த்தகர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுதும் நாளில் வேலை கொடுக்கப்போகிறவரும் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை பேரை எடுப்பார், என்ன சம்பளம் என்பதை அன்றைக்கே எழுத்தில் தரட்டும்.

திராய்மடுத் தங்கச்சி ஆறாவது பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறார். நான் புறப்படும்போது படலை வரை வந்து, "இந்த முறை எந்த மிஷின் என்று கேட்டுச் சொல்லுங்கள் சேர்" என்றார். கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்து வந்திருக்கிறேன்.